சொன்ன பேச்சு கேட்காத போர்டு: யூ-பூட் அமைப்புகளில் பிழை தேடும் வழி

சீரியல் கேபிளை மாட்டுங்கள். வேகம் 115200 என்று வைத்து மின்சாரம் கொடுங்கள். திரையில் ஓடும் முதல் இருபது முப்பது வரிகளை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு, அதன் பிறகு மற்றதைத் தொடுங்கள். என்னிடம் வரும் பூட் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த வரிகளிலேயே இருக்கும். ஆனால் போர்டு என் மேசைக்கு வருவதற்குள் யாராவது நாலு முறை இமேஜை மாற்றி ஏற்றித் தடயத்தை அழித்திருப்பார்கள்.

இங்கே எழுதுவது ஏஆர்எம் போர்டுகளில் ஓடும் யூ-பூட்டைப் பற்றி. பவர்பிசி சிப்களுக்காகப் பிபிசிபூட் என்ற பெயரில் வளர்ந்து, 2002-ல் வொல்ஃப்காங் டெங்க் கையில் யூ-பூட் ஆனது. இன்று ரவுட்டர், செட்-டாப் பாக்ஸ், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று எதைத் திறந்தாலும் கண்ணில் படும் பூட்லோடர் இது, அதாவது மின்சாரம் வந்ததும் ஓடி லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

அமைப்புகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. போர்டு இன்ன வகை, சீரியல் எண் இன்னது என்ற அடையாளம் ஒரு சின்ன ஈப்ராம் சிப்பிலோ, பிராசஸருக்குள்ளேயே எரித்துவைத்த ஃபியூஸ்களிலோ இருக்கும். எந்தப் பின்னில் எது இணைந்திருக்கிறது, எந்த முகவரியில் எந்தக் கட்டுப்படுத்தி என்ற வன்பொருள் வரைபடம் டிவைஸ் ட்ரீ ஃபைலில் இருக்கும். எங்கிருந்து பூட் செய்வது, கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) என்ன வரி கொடுப்பது, எத்தனை விநாடி காத்திருப்பது போன்ற மாற்றக்கூடிய விஷயங்கள் என்விரான்மென்டில் இருக்கும். நீங்கள் மாற்றிய மதிப்பு இந்த மூன்றில் எங்கே போய் உட்கார்ந்தது, போர்டு எங்கிருந்து படித்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "பேட் சிஆர்சி, யூசிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்"

இந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புத்தம் புதிய போர்டில் இது இயல்பு. யாரும் இன்னும் சேவ்என்வ் (அமைப்புகளைச் சேமிக்கும் கட்டளை) போடவில்லை, சேமிப்பிடத்தில் குப்பையோ வெறுமையோ இருக்கிறது, யூ-பூட் தனக்குள் கம்பைல் செய்து வைத்திருக்கும் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். ஒருமுறை சேவ்என்வ் போட்டால் எச்சரிக்கை போய்விடும்.

நேற்று வரை ஒழுங்காக இருந்த போர்டு இன்று இப்படிச் சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். அதைப் புரிந்துகொள்ள, சேமித்த இடத்தில் பைட் பைட்டாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் 4 பைட் சிஆர்சி32 செக்சம், உள்ளடக்கம் கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். அதன் பின் பெயர், சமக்குறி, மதிப்பு, ஒரு சுழிய பைட். அடுத்த பெயர், சமக்குறி, மதிப்பு, சுழிய பைட். இப்படியே போய், இரண்டு சுழியங்கள் அடுத்தடுத்து வந்தால் பட்டியல் முடிந்தது. இதைவிட எளிமையான வடிவம் இருக்க முடியாது.

ஆனால் செக்சம் கணக்கிடப்படுவது உங்கள் எழுத்துகளுக்கு மட்டுமல்ல, ஒதுக்கிய முழு இடத்துக்கும். அளவு 16 கேபி என்றால், 16,384-ல் தலைப்பு 4 பைட் போக மீதி 16,380 பைட்டும் கணக்கில் சேரும், காலியாகக் கிடக்கும் பகுதி உட்பட. அதனால் அளவு மாறினாலே செக்சம் பொருந்தாது. புதிய யூ-பூட் கட்டும்போது யாரோ என்விரான்மென்டின் அளவைச் சொல்லும் கான்ஃபிக்_என்வ்_சைஸ் எண்ணை 16-லிருந்து 32 கேபி ஆக்கிவிட்டிருப்பார்கள். உள்ளே ஓர் எழுத்தும் கெட்டிருக்காது, ஆனாலும் "பேட் சிஆர்சி" வரும்.

இன்னொரு காரணம், சேவ்என்வ் நடக்கும்போது மின்சாரம் போவது. ஃபிளாஷில் எழுத முதலில் அந்தத் துண்டை அழிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் மின்சாரம் போனால் அமைப்பு முழுதும் போய்விடும். இதற்குத்தான் இரட்டைப் பிரதி வசதி. என்விரான்மென்டை இரண்டு இடங்களில் வைத்து மாறிமாறி எழுதும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். எது புதியது என்று தெரிய, செக்சத்துக்கு அடுத்து ஒரு கொடி பைட் கூடுதலாக வரும். வாடிக்கையாளர் கைக்குப் போகும் எந்தப் பொருளிலும் ஒற்றைப் பிரதியோடு விடாதீர்கள். பின்னால் களத்தில் நூறு பெட்டிகளைத் திறப்பதைவிட இப்போது இன்னொரு 16 கேபி ஒதுக்குவது மேல்.

அறிகுறி: செட்என்வ் போட்டேன், ரீசெட் செய்தால் பழையபடி வருகிறது

செட்என்வ் மாற்றுவது மெமரியில் இருக்கும் பிரதியை மட்டும். சேவ்என்வ் போட்டால்தான் சேமிப்பிடத்துக்குப் போகும். இதைத் தெரிந்தவர்களும் மறக்கிறார்கள், முதலில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

சேவ்என்வ் போட்டும் நிற்கவில்லையா? பூட் வரிகளில் "லோடிங் என்விரான்மென்ட் ஃப்ரம்" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எம்எம்சி, ஃபேட், எஸ்பிஐ ஃபிளாஷ் என்று ஏதாவது ஓர் இடம் எழுதியிருக்கும். "நோவேர்" என்று இருந்தால், இந்த யூ-பூட்டைக் கட்டியவர் சேமிப்பிடமே கொடுக்கவில்லை. நீங்கள் எத்தனை முறை சேமித்தாலும் பயனில்லை, மறுபடி கட்டத்தான் வேண்டும்.

அதுவும் சரி, பிரிண்ட்என்வ் (பட்டியலைக் காட்டும் கட்டளை) போட்டால் உங்கள் பூட்ஆர்க்ஸ் (கர்னலுக்குக் கொடுக்கும் வரி) அப்படியே தெரிகிறது, ஆனால் லினக்ஸ் வந்த பிறகு புரோக் அடைவின் கீழே உள்ள சிஎம்டிலைனைப் பார்த்தால் வேறு வரி இருக்கிறது என்றால், நடுவில் யாரோ மேலெழுதுகிறார்கள் என்று பொருள். இன்றைய டிஸ்ட்ரோ இமேஜ்களில் அந்த ஆள் பெரும்பாலும் எக்ஸ்ட்லினக்ஸ்.கான்ஃப் ஃபைல். அதில் "அப்பெண்ட்" என்று தொடங்கும் வரி எதுவோ அதுதான் கர்னலுக்குப் போகும். நீங்கள் சேமித்த பூட்ஆர்க்ஸை அது அமுக்கிவிடும். இன்னொரு சாத்தியம் பூட்.எஸ்சிஆர் ஸ்கிரிப்ட். இதில் ஒரு நுணுக்கம்: எஸ்சிஆர் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு இல்லை. தலைப்பும் செக்சமும் சேர்த்து எம்கேஇமேஜ் கருவி செய்தது. எடிட்டரில் திறந்து ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால் செக்சம் கெட்டு, யூ-பூட் ஏற்க மறுக்கும். மூல ஃபைலான பூட்.சிஎம்டியை மாற்றி, எம்கேஇமேஜ் ஓட்டி, புதிய எஸ்சிஆரை வைக்க வேண்டும்.

மேலெழுதுவது யார் என்று அறிய, தானாக பூட் ஆகும்போது ஓடும் கட்டளைகள் இருக்கும் பூட்சிஎம்டி என்ற மாறியிலிருந்து தொடங்கி, அது எதைக் கூப்பிடுகிறது, கூப்பிடப்பட்டது எதைக் கூப்பிடுகிறது என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். சங்கிலி நீளமாக இருக்கும், அலுப்பாகவும் இருக்கும். ஆனாலும் வேறு குறுக்கு வழி கிடையாது.

அறிகுறி: யூ-பூட்டைப் புதுப்பித்தேன், நடத்தை மாறவில்லை

புதிய யூ-பூட்டில் புதிய இயல்பு பூட்சிஎம்டி இருக்கிறது. ஆனால் சேமிப்பிடத்தில் பழைய என்விரான்மென்ட் செல்லுபடியாகும் செக்சத்தோடு உட்கார்ந்திருக்கிறது. யூ-பூட் அதைத்தான் மதிக்கும். உள்ளே கம்பைல் ஆன மதிப்புகளைத் திரும்பியும் பார்க்காது.

முதலில் பிரிண்ட்என்வ் போட்டு முழுப் பட்டியலையும் பதிவு செய்யுங்கள், குறிப்பாக மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்) இருக்கும் ஈத்அட்ர் மாறியை. பிறகு "என்வ் டீஃபால்ட் -ஏ", அதன்பின் சேவ்என்வ். இரட்டைப் பிரதி இருந்தால் சேவ்என்வ்வை இரண்டு முறை போடுங்கள். ஒருமுறை போட்டால் ஒரு பிரதிதான் மாறும், பழையது மற்றதில் இன்னும் உயிரோடு இருக்கும்.

அறிகுறி: சேவ்என்வ் போட்டு ரீசெட் செய்தேன், அதன்பின் போர்டே எழவில்லை

இது கொடுமையான வகை. காரணம் பெரும்பாலும் இட மோதல்: என்விரான்மென்டுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் யூ-பூட்டின் வால் நீண்டுவிட்டது. ஆல்வின்னர் சிப்களின் பழைய அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஸ்டி கார்டில் 8 கேபி தூரத்தில் எஸ்பிஎல் (யூ-பூட்டுக்கு முன் ஓடும் சின்ன முதல்நிலை நிரல்), 40 கேபி தூரத்தில் முதன்மை யூ-பூட், 544 கேபி தூரத்தில் என்விரான்மென்ட். அதாவது யூ-பூட்டுக்குக் கிடைத்தது 504 கேபி. ஆண்டுக்காண்டு வசதிகள் கூடி, 64 பிட் போர்டுகளில் அந்த எல்லையைத் தாண்டியது. இமேஜை ஏற்றும்போது எந்தக் கருவியும் எச்சரிக்காது. முதல் பூட் அழகாக வரும். சேவ்என்வ் போட்ட கணத்தில் யூ-பூட் தன் வாலைத் தானே அழித்துக்கொள்ளும்.

பைனரி ஃபைலின் அளவையும் என்வ் ஆஃப்செட்டையும் (என்விரான்மென்ட் தொடங்கும் தூரத்தையும்) ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை யூ-பூட் கட்டும்போதும் ஓடும்படி இந்தக் கூட்டல் கணக்கைக் கட்டுமான ஸ்கிரிப்டிலேயே வைத்துவிட்டேன். எல்லை தாண்டினால் அங்கேயே நின்றுவிடும்.

இதன் தலைகீழும் நடக்கும்: யூ-பூட்டை ஏற்றும்போது அதன் வால் என்விரான்மென்டை அழித்துவிடும். அப்போது முதலில் சொன்ன "பேட் சிஆர்சி" வரும்.

அறிகுறி: யூ-பூட்டில் சரியாக இருக்கிறது, லினக்ஸிலிருந்து படித்தால் "பேட் சிஆர்சி"

லினக்ஸிலிருந்து என்விரான்மென்டைப் படிக்கும் எஃப்டபிள்யூ_பிரிண்ட்என்வ் கருவி தானாக எதையும் கண்டுபிடிக்காது. ஈடிசி அடைவின் கீழே எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக் ஃபைலில் நீங்கள் எழுதியதை அப்படியே நம்பும்: எந்த டிவைஸ், எவ்வளவு தூரம், எவ்வளவு அளவு. ஃபைலில் ஒரு வரி இருந்தால் ஒற்றைப் பிரதி, 4 பைட் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வரி இருந்தால் இரட்டைப் பிரதி, கொடியோடு 5 பைட் தலைப்பு. யூ-பூட் இரட்டையாக எழுதி, நீங்கள் ஒரு வரி மட்டும் கொடுத்தால் ஒரு பைட் நகர்ந்துபோய்ச் செக்சம் பொருந்தாது. எண்களை யூ-பூட்டின் கான்ஃபிக் ஃபைலிலிருந்து நகல் எடுங்கள், இணையத்தில் கிடைத்த வேறு போர்டின் வரியை ஒட்டாதீர்கள்.

முக்கியமாக, செக்சம் பொருந்தாத நிலையில், லினக்ஸிலிருந்து எழுதும் எஃப்டபிள்யூ_செட்என்வ் கருவியை ஓட்டவே கூடாது. அது தன் சொந்த இயல்பு மதிப்புகளோடு நீங்கள் சொன்னதைச் சேர்த்து, நீங்கள் சொன்ன தவறான இடத்தில் எழுதும். அந்த இடத்தில் யூ-பூட்டோ பார்ட்டிஷனோ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

அறிகுறி: ஃபைல் கண்முன் இருக்கிறது, "இல்லை" என்கிறது

பீகிள்போன் போன்ற போர்டுகளில் யூஎன்வ்.டிஎக்ஸ்டி என்ற எழுத்துக் கோப்பில் அமைப்புகளை எழுதி வைக்கலாம். யூ-பூட் அதை "என்வ் இம்போர்ட் -டி" மூலம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை ஓர் இளம் பொறியாளர் அரைநாள் இதோடு மல்லுக்கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஃபைலில் எழுதியிருந்த டிவைஸ் ட்ரீ பெயரும் கார்டில் இருந்த பெயரும் ஓரெழுத்து பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஃபைல் கிடைக்கவில்லை என்று யூ-பூட் அடம்பிடித்தது.

பிழைச் செய்தியை உற்றுப் பார்த்தேன். ஃபைல் பெயரை மூடும் மேற்கோள்குறி வரியின் கடைசியில் இல்லை. வரியின் தொடக்கத்துக்குப் போய் முதல் எழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஃபைலை விண்டோஸ் நோட்பேடில் திருத்தியிருந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து. அது மதிப்போடு ஒட்டிக்கொண்டு ஃபைல் பெயரின் பகுதியாகிவிட்டது. திரையில் அச்சிடும்போது அதே எழுத்துதான் கர்சரை வரித் தொடக்கத்துக்குத் தள்ளியது.

லினக்ஸில் "கேட் -ஏ" என்று பெரிய எழுத்து ஏ போட்டுப் பாருங்கள், தொப்பிக்குறியும் எம்மும் வரி முடிவில் தெரியும். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் தீரும். என்வ் இம்போர்ட் கட்டளைக்கு "-ஆர்" கொடுத்தாலும் அதுவே நீக்கிவிடும்.

அறிகுறி: தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்து மாட்டினால் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுகிறது

இது என் கையால் நடந்தது. ஓர் ஆலைக்குப் பன்னிரண்டு போர்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தயார்செய்து, சோதித்து, அதன் இஎம்எம்சியை (போர்டில் உள்ள சேமிப்புச் சிப்பை) முழுதாக நகல் எடுத்து மற்ற பதினொன்றிலும் ஏற்றினேன். மேசையில் ஒவ்வொன்றும் அருமையாக ஓடியது. அங்கே ஒரே சுவிட்சில் மாட்டியதும் பிங் போகும், நிற்கும், மறுபடி போகும். கேபிளை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள். அடுத்த நாள் நான் போய்ச் சீரியல் மாட்டியபோதுதான் யூ-பூட் சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கையைப் படித்தேன்: மேக் முகவரிகள் பொருந்தவில்லை, சிப்பில் இருப்பது ஒன்று, என்விரான்மென்டில் இருப்பது வேறொன்று. பன்னிரண்டு போர்டும் ஒரே மேக் முகவரியோடு நின்றன. முதல் போர்டில் நான் சேவ்என்வ் போட்டபோது அதன் ஈத்அட்ர் சேமிப்பிடத்துக்குப் போய், நகலோடு எல்லாவற்றுக்கும் பரவியிருந்தது. சிப்பின் ஃபியூஸில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருந்தும், என்விரான்மென்டில் இருப்பதையே யூ-பூட் மதிக்கும்.

ஈத்அட்ர் ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாதபடி இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும், சாதாரண செட்என்வ் மறுக்கும். "என்வ் டெலிட் -எஃப்" மூலம் வலுக்கட்டாயமாக நீக்கலாம். அதைவிட, நகல் எடுக்கும் முன் மூல இமேஜில் என்விரான்மென்ட் பகுதியைச் சுழியங்களால் நிரப்பிவிடுவது நல்லது. செக்சம் பொருந்தாது, ஒவ்வொரு போர்டும் இயல்பு மதிப்போடு தொடங்கித் தன் ஃபியூஸிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு எதிர்மாறாக, ஒவ்வொரு பூட்டுக்கும் ஐபி முகவரி மாறுகிறதென்றால், எங்கும் மேக் கிடைக்காமல் யூ-பூட் தற்செயலாக ஒன்றை உருவாக்குகிறதா என்று பாருங்கள். முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் கொடுத்த முகவரி இல்லை.

அறிகுறி: ஒன்றிரண்டு வரி வந்து அப்படியே நிற்கிறது, "போர்டு ஐடி கிடைக்கவில்லை" என்கிறது

வெள்ளை பீகிள்போனில் 256 எம்பி டிடிஆர்2 மெமரி. பீகிள்போன் பிளாக்கில் 512 எம்பி டிடிஆர்3. இரண்டுக்கும் ஒரே யூ-பூட் பைனரி ஓடும். மெமரியையே இன்னும் எழுப்பாத நிலையில், எந்த மெமரிக்கான அளவீடுகளை வைப்பது என்று அது எப்படி முடிவு செய்கிறது? சிப்களை இணைக்கும் ஐ2சி பாதை 0-ல், ஹெக்ஸ் 50 முகவரியில் இருக்கும் ஈப்ராமைப் படித்து. முதல் நான்கு பைட் ஏஏ 55 33 ஈஈ என்ற அடையாளம். அடுத்த எட்டு பைட் போர்டின் பெயர்: பிளாக் என்றால் ஏ335பிஎன்எல்டி, வெள்ளை என்றால் ஏ335பிஓஎன்ஈ. பிறகு பதிப்பு, சீரியல் எண். இந்தச் சில பைட்டுகள் அழிந்தால் எந்த மெமரி என்று தெரியாது. எஸ்பிஎல் அங்கேயே நின்றுவிடும்.

எழுதுவதைத் தடுக்கும் பாதுகாப்புப் பின் இருப்பதால் இது தற்செயலாக அழிவது அரிது. சொந்தமாகப் போர்டு வடிவமைத்து, ஈப்ராமை வெறுமையாக விட்டு அனுப்பியவர்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அடையாளம் கிடைக்காவிட்டால் பிளாக் என்று எடுத்துக்கொள்ளும்படி திருத்திய யூ-பூட்டை எஸ்டி கார்டில் போட்டு எழுப்புங்கள். போர்டிலுள்ள அந்தப் பாதுகாப்புப் பின்னுக்கான டெஸ்ட் பாயிண்டைத் தரையோடு இணைத்துப் பிடித்துக்கொண்டு, லினக்ஸில் 0-0050 டிவைஸின் கீழே தெரியும் ஈப்ராம் ஃபைலில் சரியான தலைப்பை எழுதுங்கள். நல்ல போர்டு கையில் இருக்கும்போதே அந்த ஃபைலை நகல் எடுத்து வைத்தவருக்கு இது பத்து நிமிட வேலை.

அறிகுறி: "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்ற வரிக்குப் பின் அமைதி

கர்னல் சாகவில்லை, பேசும் வாய்தான் மாறியிருக்கிறது என்பது முதல் சந்தேகம். ஏஎம்335 சிப்களில் பழைய கர்னல் சீரியல் போர்ட்டை டிடிஒய்ஓ0 என்று அழைத்தது; புதிய டிரைவரில் அதே போர்ட் டிடிஒய்எஸ்0. கர்னலை மாற்றிவிட்டு, சேமித்த பூட்ஆர்க்ஸில் கன்சோல் பெயரை மாற்றாமல் விட்டால் போர்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் வராது. சில கர்னல்கள் தாமே திருத்திக்கொள்ளும், எல்லாம் அப்படியில்லை. பிங் செய்து பாருங்கள்.

அடுத்தது டிவைஸ் ட்ரீ. அதை ஏற்றிய முகவரியில் "எம்டி.பி" கட்டளையால் முதல் நான்கு பைட்டைப் பாருங்கள்: டி0 0டி எஃப்ஈ ஈடி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைல் வரவில்லை, அல்லது பின்னால் ஏற்றிய இனிட்ஆர்டி (கர்னல் தொடங்கும்போது பயன்படுத்தும் ஃபைல் தொகுப்பு) அதன்மேல் ஏறிவிட்டது. ஏற்றும் முகவரிகளையும் அளவுகளையும் எழுதிப் பார்த்தால் மோதல் தெரியும்.

டிவைஸ் ட்ரீ சரியான ஃபைல்தான், ஆனால் மெமரி அளவோ மேக் முகவரியோ ஃபைலில் எழுதியதுபோல் இல்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். கர்னலிடம் கொடுக்கும் முன் யூ-பூட் அதைத் திருத்துகிறது: மெமரி பகுதியை நிரப்பும், ஈத்தர்நெட்டுக்கு மேக் எழுதும், சோசன் பகுதியில் பூட்ஆர்க்ஸைப் பதிக்கும். கர்னலுக்கு உண்மையில் கிடைத்தது என்ன என்று அறிய மூல ஃபைலைப் பார்க்காதீர்கள். ஓடும் போர்டில் புரோக் கீழே உள்ள டிவைஸ்-ட்ரீ அடைவைப் பாருங்கள்.

அறிகுறி: கன்சோலில் எந்த விசையைத் தட்டினாலும் பூட்டை நிறுத்த முடியவில்லை

பூட்டுக்கு முன் காத்திருக்கும் விநாடிகளைச் சொல்லும் பூட்டிலே மாறியில் 0 இருந்தால் காத்திருக்காது, ஆனால் மின்சாரம் கொடுக்கும்போதே விசையை அழுத்திப் பிடித்திருந்தால் நிற்கும். -1 என்றால் தானாக பூட் ஆகாது, கட்டளைக்குக் காத்திருக்கும். -2 என்றால் காத்திருக்கவும் செய்யாது, விசையைப் பார்க்கவும் செய்யாது. பாதுகாப்புக்காக -2 வைத்துவிட்டு, பிறகு பூட்சிஎம்டியும் கெட்டுப்போன போர்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன.

லினக்ஸ் வரை போகிறதென்றால் எஃப்டபிள்யூ_செட்என்வ்வில் பூட்டிலேயை 3 ஆக்குங்கள். போகவில்லை, என்விரான்மென்ட் எஸ்டி கார்டில் இருக்கிறது என்றால், கார்டைக் கழற்றிக் கணினியில் மாட்டி, என்வ் ஆஃப்செட்டில் தொடங்கி அதன் அளவுக்குச் சுழியம் எழுதுங்கள். இரட்டைப் பிரதி என்றால் இரண்டு இடத்திலும். ஃபேட் பார்ட்டிஷனில் யூபூட்.என்வ் ஃபைலாக இருந்தால் அந்த ஃபைலை அழித்தால் போதும். போர்டில் பற்றவைத்த எஸ்பிஐ ஃபிளாஷ் என்றால் கிளிப் போட்டு வெளி புரோகிராமரால் எழுத வேண்டும்: முதலில் முழு சிப்பையும் படித்து நகல் எடுத்து, அந்த நகலில் என்விரான்மென்ட் பகுதியை மட்டும் ஹெக்ஸ் எஃப்எஃப் ஆக்கி, திரும்ப எழுதுங்கள். மின்சாரம் கொடுத்தால் "பேட் சிஆர்சி" என்ற அந்த எச்சரிக்கை வரும், இயல்பு பூட்டிலே எண்ணத் தொடங்கும். அப்போது விசையைத் தட்டுங்கள்.